ஈரம் காயாத சுவர்

எதிர்க்கடை லாண்டரி அக்காவைப் போலச் சந்தேகப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை. தொழில் அப்படி. பாக்கெட்டைத் துழாவாமல் ஒரு துணியும் அவள் கையிலிருந்து தண்ணீரில் இறங்காது. மேல் பாக்கெட், பின் பாக்கெட், உள்ளே தைத்த ரகசியப் பாக்கெட், காலர் மடிப்பு என்று எல்லாவற்றிலும் விரல் போய் வரும். பேனா, சாவி, மாத்திரை, காதல் கடிதம் எல்லாம் வந்திருக்கிறது. ஒருமுறை ஒரு பல்செட்டே வந்தது. "மனுஷன் வாயி சொல்றத விட அவன் பாக்கெட்டு நெறைய சொல்லும் தம்பி" என்பாள்.

துணி காய்ந்ததா என்று பார்ப்பதிலும் அப்படித்தான். வேலை செய்து மரத்துப்போன கை ஏமாந்துவிடுமாம். இடுப்புப் பட்டியைத் தூக்கிக் கன்னத்தில் ஒட்டிப் பார்ப்பாள். லேசாகக் குளிர்ந்தாலும் துணி மறுபடி கயிற்றுக்குப் போகும். அவள் "காயல" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே கல்யாணம் வைத்திருக்கிற மாப்பிள்ளையும் காத்திருக்க வேண்டியதுதான்.

அவள் புருஷன், இஸ்திரி போடும் அண்ணன், வேறு ஜாதகம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதர். பொய் சொல்லத் தெரியாது. சட்டையில் சூடு பட்டுத் தீய்ந்துவிட்டால், வாடிக்கையாளர் பார்ப்பதற்கு முன்னால் இவரே விரித்துக் காட்டிவிட்டு, "என் கையாலதான் சார் ஆச்சு" என்று நிற்பார். இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே கூரைக்கடியில் காலம் தள்ளுகிறார்கள் என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை. கீழே கடை, மேலே குடித்தனம். பதினாலு வருஷமாக அதே வாடகை வீடு. நான் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஊரார் காகிதமெல்லாம் என் கை வழியாகப் போகும். எதையும் படிக்கக் கூடாது என்பது என் கொள்கை. எல்லாவற்றையும் படித்துவிடுவேன் என்பது உண்மை.

எங்கள் தெருவில் ஒன்பது வீடுகள் நூறு வருஷத்துக்கு மேல் பழையவை. ஆறு வருஷத்துக்கு முன்னால் மாநகராட்சியின் பழங்கட்டடப் பிரிவு வந்து தெருமுனையில் ஒரு தகடு அடித்துவிட்டுப் போனது. இந்த ஒன்பதும் பட்டியலில் இருக்கின்றன, எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் யாரும் இடிக்கக் கூடாது, மாற்றக் கூடாது. வீட்டுச் சொந்தக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். குடியிருந்த நாங்கள் கண்டுகொள்ளவில்லை. "பட்டியல்ல வீடுதான இருக்கு, நாம இல்லியே" என்றார் அண்ணன்.

லாண்டரி வீட்டின் ஓனர் பதினாலு வருஷத்தில் ஒரு தாழ்ப்பாள் மாற்றித் தந்ததில்லை. அப்படிப்பட்டவர் போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு குட்டி வண்டியில் பத்து மூட்டை சிமெண்டும் இரண்டு டிரம் பெயிண்டும் கொண்டுவந்து இறக்கினார். வேறு எங்கோ வேலையில் மிஞ்சியதாம். "சுவரு உதிருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே, நல்லா அழுத்தமாப் பூசிக்குங்க" என்றாராம். வண்டிச் சீட்டு என்று ஒரு தாளை நீட்ட, அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அக்கா அப்போது பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் டீயோடு நான் அங்கே நின்றிருந்தபோது சண்டை நடந்தது.

"எதுக்குக் குடுத்தான்?"

"மிஞ்சினதாம்மா. அவருக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்காதா?"

"பதினாலு வருஷமா இல்லாத மனசு இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு? ஆதாயம் இல்லாம எவனாவது ஆத்தக் கட்டி எறைப்பானா?"

"தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதன்னு சொல்லுவாங்க."

"கடிக்கிற மாடா இருந்தா பாக்கணும்ல."

அண்ணன் சிரித்துக்கொண்டே சட்டையைத் திருப்பிப் போட்டார். உதிர்கிற சுவரால் வெள்ளைத் துணியிலெல்லாம் தூசி படிகிறது என்பது அக்காவின் நெடுநாள் புலம்பல்தான். அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு அண்ணனே பூசினார். பழைய பூச்சின் மேலேயே சிமெண்ட், அதன் மேல் பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட். சுவரின் அடியில் வரிசையாக இருந்த சின்னத் துளைகள் வழியாக எலி வருகிறது என்று அவற்றையும் அடைத்தார். ஆறு ஞாயிறு. முடித்துவிட்டு ரோட்டின் இந்தப் பக்கம் என் கடைவாசலில் வந்து நின்று பார்த்தார். "இஸ்திரி போட்ட மாதிரி இருக்குல்ல?" என்றார். இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

மழை பிடித்த மூன்றாம் வாரம் உள்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியது. அக்கா கன்னத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, துணியில் அடையாளம் போடும் அழியாத மையால் ஈரம் நின்ற இடத்தில் ஒரு கோடு கிழித்தாள். பக்கத்தில் தேதி. அடுத்த வாரம் இன்னொரு கோடு. இரண்டு மாதம் கழித்து ஓனர் மறுபடி வந்தார். மொட்டைமாடியில் புதுத் தண்ணீர்த் தொட்டி வைத்துத் தந்தார். அக்காவுக்குப் போதாதா. "இதான். தொட்டியில ஓட்டை வெச்சிருக்கான். சுவர ஊற வெச்சுக் கீழ தள்ளப் பாக்குறான்" என்று என்னிடம் வந்து சொன்னாள். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

கோடுகள் இடுப்பு, மார்பு என்று ஏறின. சுவரில் உப்புப் பூத்தது. துணிகளில் ஒரு பூசண வாடை ஏறி, நல்ல வாடிக்கையாளர் இரண்டு பேர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் பக்கச் சுவர் வயிறு தள்ளினாற்போல வெளியே உப்பிக்கொண்டு நின்றது. அதே வாரம் நோட்டீஸ் வந்தது. கட்டடம் ஆளைக் கொல்லும் நிலையில் இருக்கிறது, குடியிருப்போரை வெளியேற்றி இடிக்க அனுமதி வேண்டும் என்று ஓனர் மனுப் போட்டிருக்கிறார், இன்ன தேதியில் விசாரணை. அக்கா நோட்டீஸை நான்காக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். "இதே மாதிரி கடையும் வீடுமா இந்த வாடகைக்கு நமக்கு எவன் குடுப்பான் தம்பி? பாய்லர எங்க கொண்டு வெக்கிறது?" என்றாள். அவள் கண்ணில் தண்ணீரை நான் பார்த்தது அன்றுதான்.

அவளே எழுதிய புகாரின் பேரில் பழங்கட்டடப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். கழுத்தில் கண்ணாடி, கையில் டேப். சிரிப்பு என்ற பேச்சே இல்லை. மாடிக்குப் போய்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தாள், கீழே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள். மைக்கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"தொட்டி எப்ப வெச்சாங்க?"

அக்கா மாதத்தைச் சொன்னாள்.

"முதல் கோடு அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே போட்டிருக்கீங்களே."

அக்கா குனிந்து தன் கையெழுத்தையே சந்தேகமாகப் பார்த்தாள்.

"இந்த சிமெண்ட்ட யாரு பூசினது?"

"நான்தான் மேடம்" என்றார் அண்ணன், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி.

அதிகாரி பெருமூச்சு விட்டாள். "இது சுண்ணாம்புக் காரை வெச்சுக் கட்டின சுவர். தரையில இருக்கிற ஈரத்த உறிஞ்சி வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். அடியில இருந்த ஓட்டையெல்லாம் அதுக்குத்தான். நீங்க வெளிப்பக்கம் சிமெண்ட் போட்டு அடைச்சிட்டீங்க. உள்ள பாய்லர் ஆவி வேற. ஈரத் துணிய பிளாஸ்டிக் பையில கட்டி வெச்சா என்னம்மா ஆகும்?"

"நாறிப்போகும்" என்றாள் அக்கா.

"அதான் ஆயிருக்கு. அனுமதியும் வாங்கல. விசாரணையில இத நான் சொல்லித்தான் ஆகணும்."

அவள் போன பிறகு அண்ணன் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஆறு ஞாயிற்றுக்கிழமை உழைத்துத் தன் வீட்டைத் தானே கொன்றிருக்கிறோம் என்று ஒரு மனிதனுக்குத் தெரிந்தால் வேறு என்ன செய்வான். அக்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, "சிமெண்ட்டு குடுத்தது அவன்" என்றாள்.

இப்போது என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு நாள் முன்பு ஓனர் என் கடைக்கு ஒரு தாளை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார். முதல் பிரதி கறுப்பாக விழுந்தது, குப்பைக் கூடையில் போட்டேன். அவர் போனதும் எடுத்துப் படித்தேன். டைப் அடித்த கடிதம். 'என் சொந்த விருப்பத்தின் பேரிலும் பொறுப்பிலும் வெளிச்சுவருக்கு சிமெண்ட் பூசிக்கொள்கிறேன். இதனால் வரும் சேதத்துக்கு ஓனர் பொறுப்பல்ல.' அடியில் அண்ணனின் கோணல் கையெழுத்து. வண்டிச் சீட்டு என்று அன்றைக்கு நீட்டிய தாள் இதுதான். அடுத்தவன் காகிதத்தை வெளியே சொன்னால் என் பிழைப்பு என்னாவது என்று இரண்டு நாள் உள்ளேயே வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா படித்தாள். திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எப்ப கெடச்சுது?"

"முந்தா நாள்."

"ரெண்டு நாளா எதுக்கு யோசிச்ச? அவன் ஆளா நீ?"

"ஐயோ, இல்லக்கா."

"பாக்கலாம்" என்றாள். அந்தப் பார்வை இன்றைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

என் மேல் கோபம் இருந்தாலும் வேலை வாங்குவதில் குறை வைக்கவில்லை. பழங்கட்டட விதிகள் புத்தகம் ஒன்றை வாங்கிவரச் சொல்லி, முழுக்க ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னாள். மூன்று நாள் பாக்கெட் துழாவுவது மாதிரி அதைத் துழாவினாள். நான்காம் நாள் மத்தியானம், பன்னும் டீயும் வாங்கி வைத்துக்கொண்டு அண்ணனையும் என்னையும் உட்கார வைத்தாள்.

"தம்பி, இங்க படி."

படித்தேன். கட்டடம் கெட்டதற்கு ஓனர் காரணமானால் ஓனரே சரிசெய்ய வேண்டும், அதுவரை குடியிருப்போர் வெளியே இருக்க வேண்டும்.

"வெளிய போனா திரும்ப எப்ப வர்றது? அவன் வேலைய முடிச்சாத்தான. முடிப்பானா?" என்றாள். "இப்ப பதினாலாவது படி."

அனுமதியின்றி மாற்றம் செய்தவர் எவரோ அவரே கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலை முடிந்து அதிகாரி சான்று தரும்வரை அவரைக் கட்டடத்திலிருந்து வெளியேற்றக் கூடாது, இடிக்கக் கோரும் எந்த மனுவையும் ஏற்கக் கூடாது.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. அண்ணனுக்கு இரண்டு நிமிஷம்.

"அப்ப அவரு குடுத்தாருன்னு சொல்லக் கூடாதா?" என்றார்.

"கூடாது."

"நடந்தது அதுதானம்மா. அவருதான் பூசச் சொன்னாரு."

"நடந்ததச் சொல்லிட்டு ரோட்டுல நிப்பீங்களா? பூசினது யாரு?"

"நான்."

"அத மட்டும் சொல்லுங்க. அதுவும் உண்மதான? பாதி உண்ம போதும்."

அண்ணன் பன்னைத் தொடவே இல்லை.

விசாரணை நடந்த அறை எங்கள் கடைகளை விடச் சின்னது. மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய அதிகாரி ஒருவர், அவர் பக்கத்தில் நம்முடைய டேப் அம்மா. ஓனர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டைதான் அது என்பதை மடிப்பைப் பார்த்தே சொல்லலாம்.

டேப் அம்மா சிமெண்ட் விஷயத்தை வாசித்தாள். பெரியவர் நிமிர்ந்தார். "சிமெண்ட் யாரு ஏற்பாடு?"

ஓனர் காத்திருந்தவர் போலக் கடிதத்தை எடுத்து நீட்டினார். "எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. அசல் இதோ."

பெரியவர் படித்தார். "இது உங்க கையெழுத்தா?"

அண்ணன் வாயைத் திறந்தார். அக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"அவரு கையெழுத்துதான் சார். பூசினதும் நாங்கதான். தப்பு எங்களோடது."

"யாராச்சும் செய்யச் சொன்னாங்களா?" டேப் அம்மா கேட்டாள். அவள் கண் அக்காவின் மேலேயே இருந்தது.

"யாரும் இல்லீங்க."

ஓனர் முகத்தில் சிரிப்பு வந்தது. பெரியவர் அசல் கடிதத்தில் முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தார். புத்தகத்தைப் புரட்டிப் பதினாலாவது விதியை ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். பாதியில் ஓனரின் சிரிப்பு போய்விட்டது.

"சார், அந்தக் கடிதத்த ஒரு நிமிஷம் குடுங்க. அதுல ஒரு சின்ன..."

"முத்திரை போட்டாச்சு. உத்தரவு இவங்க பேர்ல போகும். இவங்க வேலைய முடிக்கிற வரைக்கும் உங்க மனு நிலுவையில இருக்கும். முடிஞ்ச பிறகு வேணும்னா புதுசாப் போடுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். வெளியே வந்து நான் அதைச் சொல்லிச் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. "ஒருவேள அவருக்கும் தெரியாம இருந்திருக்கலாம்" என்றார். "வண்டிச் சீட்டுக்குப் பதிலா தாள் மாறி வந்திருக்கலாம்." அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

வேலை ஆரம்பித்தது. பெயிண்டைச் சுரண்டி, சிமெண்ட்டைக் கொத்தி எடுத்தார் அண்ணன். தான் பூசியதைத் தானே பெயர்த்தார். அடைத்த துளைகளைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்த காற்று கிணற்றுக் காற்றுப் போல ஜில்லென்று இருந்தது. உப்பிய பக்கச் சுவரைப் பிரித்துக் கட்டவும் சுண்ணாம்புப் பூச்சுக்குமாக ஒரு கொத்தனாரைப் பேசினார்கள். இரண்டாம் வாரம் ஓனரின் குட்டி வண்டி வந்து மூன்று மூட்டை சுண்ணாம்புக் கல் இறக்கிவிட்டுப் போனது. ஓனர் வரவில்லை. 'நடந்தத மறந்துடலாம்' என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"பாத்தியா" என்றார் அண்ணன். முகமெல்லாம் வெளிச்சம்.

அக்கா வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். முதல் மூட்டையிலிருந்து ஒரு கல்லைப் போட்டாள். நல்ல சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். கல் சீறிப் பிளந்து பொங்கியது.

"நல்ல மனுஷன்னு நான் சொன்னேன்ல."

"இன்னும் ரெண்டு மூட்ட இருக்கு."

இரண்டாவதும் கொதித்தது. அண்ணன் அவளையே பார்த்தார். மூன்றாவது மூட்டைக் கல்லும் கொதித்தது. அத்தோடு விட்டிருந்தால் அது அக்கா இல்லை. "மேல இருக்கிறத மட்டும் பாத்தா பாக்கெட்டு பாத்ததாகுமா?" என்று, துணி கிளறுகிற கட்டையை மூன்றாவது மூட்டைக்குள் அடிவரை விட்டுத் துழாவி எடுத்தாள். கட்டையின் நுனியில் சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. மூட்டையைக் கவிழ்த்தோம். மேலே ஒரு சாண் சுண்ணாம்பு. மீதியெல்லாம் சிமெண்ட்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "கலந்து பூசியிருந்தா மறுபடி ஓதம் வந்திருக்கும்."

குடோனில் மூட்டை மாறியிருக்கும் என்று அண்ணன் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அந்தப் பொடியை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஆறு ஞாயிற்றுக்கிழமை பழகிய பொடி. உள்ளே போய் மேசையருகே நின்று இஸ்திரி போட ஆரம்பித்தார். அக்காகூட அவரை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

மூன்று பூச்சு. ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. பனி போய் வெயில் வந்தது. உள்பக்கமும் சுண்ணாம்பு அடித்ததில் மைக்கோடுகள் வெள்ளைக்கடியில் போயின. துணிகளில் பூசண வாடை நின்றது, போன வாடிக்கையாளரில் ஒருவர் திரும்பி வந்தார். ஓனர் தெருமுனையில் ஒருவரோடு நின்று கையை நீட்டிக் கட்டடத்தைக் காட்டிக்கொண்டிருந்ததை இரண்டு தடவை பார்த்தேன். சான்று கையெழுத்தான மறுநாளே புது மனு வரும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

டேப் அம்மா ஒரு காலையில் வந்தாள். சுவரைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு. கடைசிப் பூச்சு காஞ்சிருச்சா? காஞ்சிருந்தா இன்னிக்கே சான்று எழுதிடறேன்."

அன்று காலைதான் நான் கை வைத்துப் பார்த்திருந்தேன். ரொட்டி மேல்தோல் மாதிரிக் காய்ந்திருந்தது. ஆனால் அக்கா இருக்கும்போது இன்னொருவர் சொல்ல முடியாது. அவள் போய்ச் சுவரில் கன்னத்தை ஒட்டினாள். ஒட்டியபடியே நின்றாள். இத்தனை வருஷத்தில் காயாததைக் காய்ந்தது என்றோ, காய்ந்ததைக் காயவில்லை என்றோ அவள் சொன்னதே கிடையாது. உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அக்காவை மெல்ல நகர்த்திவிட்டு, தன் கன்னத்தைச் சுவரில் அழுத்தினார்.

"காயல மேடம்" என்றார். "உள்ள இன்னும் ஈரம் இருக்கு."

டேப் அம்மா அவரைப் பார்த்தாள். அவருடைய இடது கன்னம் முழுக்க வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத் தூள் அப்பியிருந்தது. ஈரச் சுவரிலிருந்து தூள் உதிராது என்பது எனக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாதா. பேனாவை மூடினாள்.

"மொகத்தத் தொடச்சுக்குங்க" என்றாள். "அடுத்த மாசம் வந்து பாக்கறேன்."

அவள் தெருமுனை திரும்பும்வரை யாரும் அசையவில்லை. அக்கா முந்தானையால் அண்ணனின் கன்னத்தைத் துடைத்தாள். அழுத்தி, மூலை முடுக்கு விடாமல் துடைத்தாள். துடைத்துக்கொண்டே தெருமுனையைப் பார்த்தாள்.

"அந்தம்மா எதுக்கு நமக்கு நல்லது பண்ணுது?" என்றாள்.